பிள்ளையார் தொப்பையில் பதித்த மோதிரம்

பெங்களூரில் கடல் இல்லை என்பது வெங்கடராமனுக்குத் தெரியாத விஷயம் அல்ல. பிறந்ததிலிருந்து மல்லேஸ்வரத்திலேயே இருக்கிற மனிதர். அப்படியிருந்தும் ரிட்டயர் ஆன கையோடு, கடற்கரை மணலிலும் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் புதைந்து கிடக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துவிட்டார். நீளமாக ஒரு தடி, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம், கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னத் திரையோடு ஒரு பெட்டி. பார்சலைப் பிரித்தபோது, வீடு பெருக்குகிற மெஷின்தான் வந்துவிட்டது என்று நினைத்து அவர் மனைவி ரமா ஒரு நிமிஷம் பூரித்துப் போனாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் அவரை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

மன்னிக்காவிட்டாலும் காது கேட்காமல் இருக்குமா? அவர் தினமும் ஹாலில் உட்கார்ந்துகொண்டு யாரோ வெளிநாட்டுக்காரர் பாடம் நடத்துகிற வீடியோவைச் சத்தமாக வைத்துக் கேட்டார். அடுக்களையில் இருந்த ரமாவுக்கும் அந்தப் பாடம் வேண்டாத விருந்தாளியாக மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. வளையத்தைத் தரையோடு ஒட்டினாற்போலப் பிடிக்க வேண்டும். அவசரம் கூடாது. ஒரு வீச்சு முடிந்த இடத்தின் மேலேயே அடுத்த வீச்சு கொஞ்சம் ஏறி வர வேண்டும். வளையம் தண்ணீரில் முங்கலாம், பெட்டி நனையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக ஆரம்பிக்கிறவர் எந்தச் சத்தம் கேட்டாலும் தோண்டிப் பார்த்துவிட வேண்டும். குப்பையைத் தோண்டித் தோண்டித்தான் காது பழகுமாம்.

பழகுவதற்காகக் கடலோர முருடேஸ்வரத்துக்கு ஒரு தடவை போனார்கள். ஈர மணலில் இறங்கியதுமே கருவி ஓவென்று கத்த ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர் பட்ட மணலுக்கென்று தனியாக ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்த வேண்டும் என்பது நம்மவருக்கு ஊருக்குத் திரும்பின பிறகுதான் தெரிந்தது. பாம் ஸ்குவாட் வந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போயின. ரமா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கிடைத்ததெல்லாம் பாட்டில் மூடிகளும், சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளும், வளைந்துபோன ஒரு ஸ்பூனும்தான். வெங்கடராமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அறையில் உட்கார்ந்து, இனிமேல் மூடிக்கும் ஜிகினாவுக்கும் வாயே திறக்காதபடி கருவியை மாற்றி வைத்தார். அந்தக் குப்பைத் தொல்லை தீர்ந்தது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ரமா அதைத் தூக்கி லாஃப்டில் போட்டாள்.

அவளுக்கு வேறு தலைபோகிற வேலை இருந்தது. பெண் ஷ்ரேயா, கூட வேலை செய்கிற ஜெரோமைத்தான் கல்யாணம் பண்ணிக்கொள்வேன் என்று சொல்லி இரண்டு வருஷமாகிறது. காக்ஸ் டவுன் பையன், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா பிரிஸில்லா, பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இரண்டு வருஷத்தில் ரமா எத்தனை நாள் சாப்பிடாமல் படுத்தாள், அங்கே பிரிஸில்லா எத்தனை நாள் மகனோடு பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் பழைய கதை. இரண்டு பேரும் மெல்ல மெல்ல இறங்கி வந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. சண்டை முடிந்ததே தவிர, இரண்டு பேருக்கும் நடுவில் மரியாதை மட்டும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. சந்தித்தால் "சௌக்கியமா?", பிரிந்தால் "வரேன்". அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பிரிஸில்லா, சதுர்த்திக்கு முந்தின நாள் தானாகவே வந்து ஒரு சின்ன வெல்வெட் பெட்டியை நீட்டினார். உள்ளே மெல்லிய தங்க மோதிரம். அவருடைய அம்மா கல்யாண நாளிலிருந்து சாகும்வரை கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தது. தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கம் நூலாகியிருந்தது. நிச்சயத்தன்று ஷ்ரேயா விரலில் போடப்போவது அதைத்தான்.

"சர்ச்சுல வெச்சு ஜெபம் பண்ணியாச்சு. நாளைக்கு உங்க வீட்டுல பூஜைதானே? உங்க சாமிகிட்டயும் ஒரு தடவை வெச்சுக் குடுங்க" என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வர எத்தனை ராத்திரி ஆகியிருக்கும் என்று ரமாவுக்குத் தெரியும். பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் நடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? காலத்தைத்தான் சொல்ல வேண்டும். களிமண் பிள்ளையாருக்குத் தொப்புளில் ஒரு காசு பதிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கரைக்கக் கொண்டுபோகும் முன் அதை எடுத்துவிடுவார்கள். மனையில் பிள்ளையார் உட்கார்ந்தாயிற்று, எருக்கமாலை போட்டாயிற்று, கொழுக்கட்டை வெந்தாயிற்று. காசு மட்டும் இல்லை. கறிவேப்பிலைக்குக்கூட ஃபோனை நீட்டிப் பணம் கொடுக்கிற வீட்டில் காசு எங்கிருந்து வரும்? ஷ்ரேயா கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். வெங்கடராமன் தெருமுனைக் கடைக்கு ஓடினார். கடைக்காரரிடமும் காசு இல்லை. வேண்டுமானால் சாக்லேட் தருவதாகச் சொன்னார்.

"ஒரு காசு கூட இல்லையா இந்த ஆத்துல? ராகுகாலம் வந்துடப் போறது" என்று ரமா தவித்தாள். கண் முன்னால் வெல்வெட் பெட்டி. எப்படியும் சாமியிடம் வைக்க வேண்டிய மோதிரம்தானே? தொப்புளில் பதித்தாள். களிமண் மெத்தென்று வாங்கிக்கொண்டது. ஷ்ரேயாவுக்கான மோதிரம் சாமியின் வயிற்றிலேயே இருப்பதைப் பார்க்க ரமாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆரத்தி முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், அருகம்புல்லையும் செவ்வந்தியையும் குவித்தார்கள். விருந்தாளிகள் வேறு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், பூவைக் களைந்துவிட்டு, சந்தனம் காய்ந்து மூடிய தொப்பையோடு பிள்ளையாரை ஏரிக்கரைக் கல்யாணிக்குக் கொண்டுபோனார்கள். சிலைகளைக் கரைப்பதற்கென்றே ஏரி ஓரத்தில் படிக்கட்டோடு கட்டிவைத்திருக்கிற குளம் அது. தண்ணீரில் நின்ற ஆள் பிள்ளையாரை வாங்கி மூன்று முறை முக்கி எடுத்து உள்ளே விட்டார். ரமா வழக்கம்போல அழுதாள்.

அடுத்த நாள் மத்தியானம், புடவைக்கு ரவிக்கை தைத்து வந்ததை வைக்க பீரோவைத் திறந்தபோது வெல்வெட் பெட்டி தென்பட்டது. காலியான பெட்டி. மோதிரம் பிள்ளையார் வயிற்றோடு போய்விட்டது. ரமா நாற்காலியைப் போட்டு ஏறி, லாஃப்டிலிருந்து கருவியைத் தானே இறக்கினாள்.

"கிளம்புங்கோ" என்றாள் கணவரிடம். விஷயத்தை ஆட்டோவில் போகும்போதுதான் சொன்னாள். வெங்கடராமன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு வருஷத்துக்கு வடை தட்டிப் போடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணியைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி ஆஞ்சலா, தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்காரி. தண்ணீரைப் பாதிக்கு மேல் வடித்துவிட்டதாகவும், மறுநாள் காலையில் லாரி வந்து சேற்றை வாரிக்கொண்டு போய்விடும் என்றும் சொன்னாள். சூப்பர்வைசருக்கு அவளே ஃபோன் போட்டுக் கன்னடத்தில் கெஞ்சிக் கேட்டு, இருட்டும்வரை தேடலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தாள். எந்த இடத்தில் விட்டது என்ற கேள்விக்கு ரமா திருதிருவென்று விழித்தாள். ஆஞ்சலாவோ யோசிக்கவே இல்லை.

"உங்கள ஞாபகம் இருக்கும்மா. பொண்ண மாமியார் வூட்டுக்கு அனுப்புற மாதிரி அழுதீங்கோ. அந்த மூல, கடைசிப் படி" என்று கையைக் காட்டினாள். அங்கே விட்டது வேறு எங்கேயும் போயிருக்காது, அப்படியே உட்கார்ந்து கரைந்திருக்கும் என்றும் சொன்னாள்.

வெங்கடராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். வளையம் சேற்றைத் தொட்டதுதான் தாமதம், கருவி கீச்சென்று பாடியது. ஓட்டை போட்ட கரண்டி மாதிரி நீளக் காம்புள்ள சல்லடை ஒன்றும் கருவியோடு வந்திருந்தது, அதைக் கொண்டு அள்ளினார். ஒரு ரூபாய்க் காசு. அடுத்த வீச்சில் இன்னொன்று. அதற்கடுத்து இரண்டு ரூபாய். ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்காத காசெல்லாம் இங்கேதான் வந்து படுத்திருந்தது போலும். எத்தனையோ வீட்டுப் பிள்ளையார்கள் காசைத் தொப்பையிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முருடேஸ்வரத்தில் ஒரு செல்லாக்காசுக்கு ஏங்கினவருக்குத் தலைகால் புரியவில்லை. "ரமா, இங்க பாரு" என்று சின்னப் பிள்ளையாகி ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிக் காட்டினார். சந்தர்ப்பம் தெரியாத சந்தோஷம்தான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை.

காசு கிடைத்துக்கொண்டே இருந்தது. மோதிரம் கிடைக்கவில்லை. வெயில் இறங்கத் தொடங்கியது. மூலையை மூன்று தடவை அலசிவிட்டு வெங்கடராமன் வந்து படியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மோதிரத்தின் ஃபோட்டோ ஷ்ரேயாவின் ஃபோனில் இருக்கிறது என்றார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தெரிந்த ஆசாரி இருக்கிறார். அச்சு அசலாகப் பண்ணிக் கொடுத்துவிடுவார். நிச்சயத்துக்கு முன்னால் கைக்கு வந்துவிடும். ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ரமாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதனால்தான் பயமாக இருந்தது. ஒரு பொய் மோதிரத்தைப் பெண்ணின் விரலில் போட்டுவிட்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரிஸில்லா தன் அம்மாவை நினைத்துக் கண் கலங்குவதை ஆயுசு பூராவும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இந்தப் பாவத்தை எந்தக் கல்யாணியில் கரைப்பது? ஃபோனை எடுத்தாள். மறுமுனையில் பிரிஸில்லா எடுத்ததும், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். காசு இல்லாததைச் சொன்னாள், தொப்புளைச் சொன்னாள், மறந்துபோனதைச் சொன்னாள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று சொன்னாள்.

"எந்தக் குளம்?" என்றார் பிரிஸில்லா. ரமா இடத்தைச் சொன்னாள். ஃபோன் துண்டிக்கப்பட்டது.

எல்லாம் முடிந்தது என்றே ரமா நினைத்தாள். இனி கல்யாணம் நடந்தாலும் ஷ்ரேயா அந்த வீட்டில் மோதிரத்தைத் தொலைத்தவளின் பெண்ணாகத்தான் நுழைவாள். அழலாம் போலிருந்தது. ஆனால் ரமா அழுகிற நேரத்திலும் கை சும்மா இருக்காத ஜாதி. தன் விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினாள். அதைப் படிக்கல்லில் வைத்தாள்.

"இதுமேல ஒரு தடவை காட்டுங்கோ. தங்கம் என்ன சத்தம் போடறதுன்னு மொதல்ல கேப்போம்" என்றாள்.

வெங்கடராமன் வளையத்தை அதன் மேல் கொண்டுபோனார். கருவி வாயே திறக்கவில்லை. இன்னும் தாழ்த்தினார். ஊஹும். பாட்டரி போய்விட்டதோ என்று ஒரு காசை வைத்துப் பார்த்தார், உடனே கீச்சென்றது. மோதிரத்தின் மேல் கொண்டுவந்தால் மறுபடியும் மௌனம். அவர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

ரமாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அன்னிக்கு முருடேஸ்வரத்துல எதையெல்லாம் வேண்டாம்னு அடைச்சேள்?"

மூடியையும் ஜிகினாவையும்தான். ஆனால் சின்னத் தங்க மோதிரமும் கருவியின் காதுக்குக் கிட்டத்தட்ட ஜிகினாத்தாள் மாதிரிதான் கேட்கும் என்று அந்த வெளிநாட்டுக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அடுக்களையில் இருந்தவளுக்கு அது நினைவிருந்தது. பாடம் கேட்டவர், குப்பை வேண்டாம் என்று கதவைச் சாத்தினபோது தங்கத்தையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிட்டார். இவ்வளவு நேரமும் மோதிரத்தின் தலைக்கு மேலேயே கருவியை ஆட்டிக்கொண்டு, காசைக் கண்டு குதித்துக்கொண்டிருந்திருக்கிறார். அசடு வழியப் பட்டனை அழுத்திப் பழையபடி மாற்றினார். இந்தத் தடவை ரமாவின் மோதிரத்துக்குக் கருவி பேசியது. காசுக்குப் போடுகிற கீச்சும் இல்லை, ஆணிக்குப் போடுகிற உறுமலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில், கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்கிற மாதிரி ஒரு நிதானமான சத்தம். ரமா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் இறங்கப் போகும்போது ஆட்டோ வந்து நின்றது. பிரிஸில்லா இறங்கினார். காலில் ரப்பர் செருப்பு, தோளில் ஒரு டர்க்கி டவல். ரமா கைகூப்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"அது அப்புறம். எந்த இடம்னு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு பிரிஸில்லா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் நடை மாறாமல் படியிறங்கிச் சேற்றுத் தண்ணீருக்குள் காலை வைத்தார். பாசி வழுக்கியது. ரமா கையை நீட்டினாள். பிரிஸில்லா அதைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆஞ்சலா இன்றைக்கும் ஏரிக்கு வருகிறவர்களிடம் நடித்துக் காட்டுகிறாளாம். ரமா கருவியைப் பிடித்தாள். அவசரமில்லாமல், சேற்றோடு ஒட்டி, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு ஏறி வர, வீடு மெழுகுகிற நிதானத்தோடு நகர்ந்தாள். அவள் நில் என்றால் வெங்கடராமன் சல்லடையால் அள்ளுவார். அள்ளி வந்த களிமண் கட்டிகளை பிரிஸில்லா உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து உடைப்பார். முதலில் வந்தது ஜிகினா. இரண்டாவதும் ஜிகினா. அப்புறம் ஒரு மூடி. அப்புறம் ஒரு கொலுசுத் திருகு. பிரிஸில்லாவின் மூக்கு நுனியில் சேறு, ரமாவின் நெற்றியில் சேறு. படியில் நின்று ஆஞ்சலா "ஸ்வல்ப லெஃப்ட், ஸ்வல்ப லெஃப்ட்" என்று பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறவள் மாதிரி வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் படியின் விளிம்பில் அந்த நிதானமான சத்தம் கேட்டது. ரமா வளையத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தாள். அதே இடம், அதே சத்தம். வெங்கடராமன் அள்ளினார். உருண்டையாக, கரைந்தும் கரையாமலும் ஒரு பெரிய கட்டி வந்தது. அது தொப்பை என்பதைப் பார்த்ததுமே ரமாவுக்குத் தெரிந்துவிட்டது. பிரிஸில்லா கட்டியை மெதுவாகப் பிட்டார். நடுவில், சந்தனம் ஒட்டியபடி, நூலாகத் தேய்ந்த பக்கம் மேலே தெரிய, மோதிரம் படுத்திருந்தது.

பிரிஸில்லா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். ரமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருமே சேற்றுக் கையோடுதான். வெங்கடராமன் கருவியின் பெட்டி நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே ஒரு சுற்று ஆடினார். அறுபது வயசு மனிதர் அப்படி ஆடி ரமா பார்த்ததில்லை. விட்டால் அவளும் ஆடியிருப்பாள். அவ்வளவு சந்தோஷம் அவள் உடம்பில் பொங்கிக்கொண்டு வந்தது.

சேர்ந்த காசு அத்தனையும் ஆஞ்சலாவிடம் போயிற்று. அவள் எதிர்க் கடையிலிருந்து மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். நான்கு பேரும் ஈரத்தோடு படியில் உட்கார்ந்து தின்றார்கள். மோதிரம் பிரிஸில்லாவின் சுண்டுவிரலில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரமா மன்னிப்பை மறுபடி தொடங்கினாள். வேறு மோதிரம் பண்ணிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்ததை மறைக்காமல் சொன்னாள். வெங்கடராமன் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டார்.

பிரிஸில்லா பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்தார்.

"செஞ்சு குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ங்க. அம்மா கை மோதிரம் எனக்குத் தெரியாதா? ஆனா யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். கல்யாணத்தை நிறுத்தியிருக்க மாட்டேன். சிரிச்ச முகமாவே இருந்திருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "உங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி மட்டும் குடிச்சிருக்க மாட்டேன்."

பள்ளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பி வந்திருக்கிறோம் என்று ரமா நினைத்தாள்.

மிளகாய் பஜ்ஜி தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. பிரிஸில்லா, கண்ணில் நீர் வர, ரமாவின் பையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலைத் தானாகவே உருவினார். வாய் வைத்து மடக்மடக்கென்று பாதியைக் குடித்தார். குடித்துவிட்டுத்தான் தான் செய்தது உறைத்தது. எச்சில் பார்க்கிற வீட்டு பாட்டில் ஆயிற்றே என்று கூச்சத்தோடு, முந்தானையால் துடைக்கப் போனார்.

ரமா துடைக்க விடவில்லை. பாட்டிலை வாங்கி, அப்படியே தானும் வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தாள். முப்பது வருஷத்துக்கு மேலான குடித்தனத்தில் கணவர் வாய் வைத்த பாட்டிலைக்கூட அவள் தொட்டதில்லை என்பது வெங்கடராமனுக்குத் தெரியும். அவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.